தம்பியின் எடையில் என் பங்கு

அரசாங்கத்தை நான் ஒரே ஒரு முறைதான் ஏமாற்றியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. எடை விஷயத்தில் ஏமாற்றினேன் என்று சொன்னால், இன்றைக்கு என்னைப் பார்க்கிறவர்கள் என் உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூட்டியா, குறைத்தா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது என் எடை அல்ல. அப்போது பத்து மாதக் குழந்தையாக இருந்த என் தம்பியின் எடை.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, மணல்மேட்டில் இருந்தது எங்கள் குப்பம். பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் படகில் ஏரியைக் கடக்க வேண்டும். கரையிறங்கி, கடைத்தெருவைத் தாண்டி, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி நடந்தால் ஆஸ்பத்திரி வந்துவிடும். கல்லறை வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவலுக்கு நிற்கும். எந்த டச்சுக்காரன் செதுக்க வைத்தானோ, எலும்பு எலும்பாக எண்ணி வாங்கியிருக்கிறான். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். எலும்புக்கூடுதான் கொஞ்சம் தேறும் என்று தோன்றும்.

மாதத்தில் ஒரு புதன்கிழமை அங்கே குழந்தைகளுக்கு எடை போடுவார்கள். உத்தரத்திலிருந்து ஒரு வட்டத் தராசு தொங்கும். அதன் கொக்கியில் ஒரு துணிப்பை. பையில் கால் நுழைப்பதற்கு இரண்டு ஓட்டை. குழந்தையை அதில் இறக்கி மாட்டிவிட்டால், அது அந்தரத்தில் காலை உதைத்துக்கொண்டு அழும், முள் ஆடி ஆடி ஓர் இடத்தில் நிற்கும். எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு அந்தத் தராசைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. எறா என்று நாங்கள் சொல்லும் இறாலை வாங்க வருகிற கம்பெனி ஏஜெண்டு கரையில் தொங்கவிடுவதும் அதே மாதிரித் தராசுதான். அது ஒரு நாளும் உள்ளதைச் சொன்னதில்லை. கிலோவுக்கு நூறு கிராம் விழுங்கிவிட்டு மீதியைத்தான் காட்டும். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கமாட்டார்கள். எறாவைத் தண்ணீரில் நன்றாக ஊறப்போட்டு, கனக்க வைத்துத்தான் கொண்டுபோவார்கள். தராசு ஒரு பொய் சொல்லும், கூடை ஒரு பொய் சொல்லும், இரண்டும் சரிக்குச் சரியாகப் போய்விடும். இதை யாரும் திருட்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை. நிறுக்கிறது என்றாலே இப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தேன்.

ஆகவே ஆஸ்பத்திரியிலும் அம்மா பேரம் பேசுவாள்.

"ஆறு எண்ணூறா? முள்ளு ஆடுது பாரு நர்சம்மா. இன்னொரு நூறு சேத்துப் போடு."

நர்சம்மா காட்டூர்ப் பக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவள். குடையும் தோள்பையுமாக பஸ்ஸில் வந்து இறங்குவாள். சிரிக்காமல் பேசுகிற சாதி. "இன்னாம்மா, எறாவா விக்க வந்த? நான் ஏத்திப் போட்டா புள்ள ஏறிடுவானா?" என்று கேட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுவாள்.

எழுதுவதற்கு ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். பச்சையில் புள்ளி விழுந்தால் குழந்தை தேறியது. ஆறு எண்ணூறு காட்டிய அன்று தம்பியின் புள்ளி மஞ்சளின் அடிவிளிம்பில், சிவப்பைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தது. அடுத்த மாதம் சிவப்பில் இறங்கினால் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான் என்று நர்சம்மா சொன்னாள். அம்மாவின் பேரம் அதோடு நின்றது. எனக்கு மூத்தவன் ஒருவன் இப்படித்தான் மெட்ராஸ் போனதாகவும், அம்மா மட்டும் திரும்பி வந்ததாகவும் வீட்டில் அரைகுறையாக ஒரு பேச்சு இருந்தது. அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை.

நர்சம்மா ஒரு பாக்கெட் சத்துமாவு கொடுத்தாள். வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஒரு நாளைக்கு மூன்று உருண்டை ஊட்ட வேண்டும். அம்மா பொழுது விடியும்போதே மீன்கூடையோடு கிளம்பிவிடுவாள். நைனா ஏரியில் வலையோடு இருப்பார். எனவே ஊட்டுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. அதாவது, பொறுப்பை நம்பி ஒப்படைக்கக்கூடாத ஒரே ஆளிடம் வந்தது.

முதல் நாள், மாவு கெட்டுப் போயிருக்குமோ என்று சோதிப்பதற்காக ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்த்தேன். கெடவில்லை. வறுத்த வாசனையும் வெல்லத் தித்திப்புமாக இருந்தது. இரண்டாம் நாள், நேற்று கெடாதது இன்று கெட்டிருக்கலாமே என்று பாதி உருண்டை. மூன்றாம் நாள் எனக்கு நியாய உணர்ச்சி வந்துவிட்டது. அவன் உடம்பு சின்னது, என் உடம்பு பெரியது. உடம்புக்குத் தக்கபடிதானே பங்கு? மூன்றில் அவனுக்கு ஒன்று, எனக்கு இரண்டு என்று முடிவு செய்தேன். அவனும் ஆட்சேபிக்கவில்லை. அந்த ஒன்றிலும் நாலு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். வீணாக்கினால் பாவம் என்று மிச்சத்தையும் நானே சுமந்தேன்.

அம்மா சாயங்காலம் வந்து, "மூணும் துன்னாச்சாடி?" என்று கேட்பாள். துன்னாச்சு என்பேன். யார் என்று அவள் கேட்கவில்லையே.

அடுத்த எடை நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பாக்கெட் காலி. தம்பியைத் தூக்கிப் பார்த்தேன். கூடி இருக்கவேண்டியவன் குறைந்திருந்தான். என் கணக்கு எல்லோருக்கும் தெரியப்போகிறது என்ற பயம் முதலில் வந்தது. மெட்ராஸ் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதினால் எனக்கு மரியாதையாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை.

தராசுக்கு முன்னால் என்ன செய்யவேண்டும் என்பது எங்கள் குப்பத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் ஊறவைத்துப் பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீரைச் சங்கு சங்காக அவனுக்குப் புகட்டினேன். எறா குடித்த தண்ணீரை விற்று முடிகிற வரைக்கும் தனக்குள்ளேயே வைத்திருக்கும். தம்பியிடம் அந்த நாணயம் இல்லை. கால் மணி நேரத்தில் முழுவதையும் என் பாவாடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அப்போதுதான் நைனாவின் வீச்சுவலை கண்ணில் பட்டது. மூங்கிலில் காய்ந்துகொண்டிருந்தது. வலையின் விளிம்பு முழுக்க ஈயக்குண்டுகள். வலையைத் தண்ணீருக்கடியில் இழுத்துக்கொண்டு போவது அவைதான். அரிவாள்மணையில் நூலை அறுத்து இருபது குண்டு எடுத்தேன். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். அம்மாவின் பழைய புடவைக் கிழிசலைக் குழாய் மாதிரித் தைத்து, குண்டுகளை உள்ளே வரிசையாக அடுக்கி, புதன்கிழமை காலையில் தம்பியின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே நைனா சட்டையை வெட்டித் தைத்த ஒரு சட்டையைப் போட்டுவிட்டேன். அம்மா தலையில் மீன்கூடை இருந்ததால் அவனைத் தூக்கி வந்தது நான்தான். ஏரியின் நடுவே படகு ஆடியபோது, இவன் விழுந்தால் வலையைவிட வேகமாக இறங்குவான் என்று நினைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நர்சம்மா என் இடுப்பிலிருந்து அவனை வாங்கினாள். வாங்கிய கை ஒரு கணம் தாழ்ந்து எழுந்தது.

"இன்னாடி, கல்லாட்டம் கனக்கிறான்?"

"நல்லா துன்றான் நர்சம்மா."

"சட்டையக் கழட்டு."

"சளி புடிச்சிருக்குது நர்சம்மா."

பதிலை வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். நர்சம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சதை பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். கழுத்தில் என்ன இருக்கிறது என்று நானும் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவள் தம்பியைப் பையில் இறக்கினாள்.

ஏழு கிலோ முந்நூறு.

அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. வந்தபிறகு நிற்கவில்லை. வரிசையிலிருந்த ஒவ்வொரு பெண்ணிடமும் போய்ச் சொன்னாள். இந்தத் தராசு நல்ல தராசு, கம்பெனிக்காரன் தராசு மாதிரி இல்லை என்று சான்றிதழும் கொடுத்தாள். எல்லோர் முன்னாலும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நான் கூச்சப்படவில்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த பாக்கெட்டுக்காக நான் கையை நீட்டினேன். நர்சம்மா அதை எடுத்து, பின்னால் நின்ற வேறொரு குழந்தையின் அம்மாவிடம் கொடுத்தாள்.

"இவன்தான் ஏறிட்டானே. ஏறாத புள்ளைக்குத்தான் மாவு." பிறகு அட்டையை மடித்துக்கொண்டே, பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னாள்: "அடுத்த மாசம் பொன்னேரிலேர்ந்து டாக்டர் வர்றாரு. அவரு எதுருலதான் எட. சட்ட, கொலுசு, அரணாக்கயிறு ஒண்ணும் கூடாது. பொறந்தப்ப எப்டி இருந்துதோ அப்டி."

அம்மா மீன் விற்கப் போயிருந்த நேரம், படகுத்துறையில் கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தத் துணியை அவிழ்த்தேன். குண்டு பதிந்த இடமெல்லாம் தம்பியின் இடுப்பைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. இத்தனை நேரம் இதைச் சுமந்துகொண்டு அவன் அழவில்லை. சமத்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெயிலில் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அழுவதற்கு அவனிடம் தெம்பு இல்லை. விலாவில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக ஏறி இறங்கியது. என் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினான். அதில் மாவு வாசனை மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

ஈயத்தைக் கழித்துவிட்டால் அவன் சிவப்பில்தான் இருந்தான். அட்டை மட்டும் மஞ்சளில் இருந்தது. வரவேண்டிய மாவும் போய்விட்டது. இன்னும் நாலு வாரத்தில், உடம்பில் நூலில்லாமல், அவன் ஏழு முந்நூறைக் காட்டியாக வேண்டும். நான் சொன்ன பொய்யை அவன் தின்று தின்று நிஜமாக்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் திருடுவதை நிறுத்தவில்லை. திசையை மட்டும் மாற்றினேன். விற்பதற்கு வைத்திருந்த கோழிமுட்டையில் நாளுக்கு ஒன்று காணாமல் போயிற்று. நைனாவின் தட்டுக்குப் போகவேண்டிய கிழங்கா மீனில் நடுத்துண்டு காணாமல் போயிற்று. முள் பார்த்து, சோற்றோடு மசித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு அவனையும் தூக்கிக்கொண்டு போனேன். மத்தியானம் அங்கே போடும் பருப்புச் சோற்றை வரிசையில் நின்று வாங்கி, கடைசிப் பருக்கை வரை அவனுக்குக் கொடுத்தேன். மாவு தின்ற கடன் என்று சொல்லிக்கொண்டு ராத்திரிச் சோற்றிலும் பாதியை அவன் பக்கம் தள்ளினேன். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியபோது, நாடா பழசாகிவிட்டது என்று நினைத்து இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

சிக்கல் என்னவென்றால் அவன் வாயைத் திறக்கமாட்டான். பசித்துப் பசித்து, பசியே மறந்துபோன குழந்தை. கெஞ்சினேன், மிரட்டினேன், பாடினேன். பாட்டைக் கேட்டு முதல்முறையாக அழுதான். ஒரு நாள் ஏரிக்கரையில் வைத்து ஊட்டும்போது எதிரே ஒரு கூழைக்கடா இறங்கி, பை மாதிரி வாயைப் பிளந்து மீனைப் பிடித்தது. தம்பி அதைப் பார்த்து வாயைப் பிளந்தான். விடுவேனா? ஒரு கவளத்தைத் தள்ளினேன். விழுங்கினான்.

பறவை பறந்துபோனது. கூப்பிட்டு வர முடியாது. ஆகவே நானே கூழைக்கடா ஆனேன். இரண்டு கையையும் விரித்து, பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடந்து, கழுத்தை நீட்டி வாயை ஒரு சாண் பிளந்தேன். அவனும் பிளந்தான். ஒரு கவளத்துக்கு ஒரு நடை. ஒரு நாளைக்கு ஐந்து வேளை. குப்பம் முழுக்க வேடிக்கை பார்த்தது. "தோ பாருடி, கூழக்கடா கெளம்பிடுச்சு" என்று வலை பின்னுகிறவர்கள் எல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் என் கல்யாணப் பந்தல் வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்டபோது எங்கள் ஆட்கள், சின்ன வயதிலேயே நான் நன்றாக நடப்பேன் என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

நைனாவுக்கு மட்டும் அந்த நாட்கள் சரியில்லை. வலை ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் மிதந்தது. அந்தப் பக்கமாக மடவை மீன்கள் வரிசையாக வெளியே போயின. "நண்டுதான் நூல அறுத்துருக்கு. எந்த ஊரு நண்டோ, ஈயத்தயும் துன்னுட்டுப் பூட்டுது" என்று இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் அவர் தூங்கும்போது இருபதையும் திரும்பக் கட்டிவிட்டேன். நண்டு திருந்திவிட்டதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. ஏஜெண்டு டீ குடிக்கப் போன சமயம், அவன் தராசில் எறாக்கூடையை மாட்டி, உள்ளே தம்பியை உட்காரவைத்துப் பார்த்தேன். கூடையையும் சேர்த்து ஏழு கிலோ என்றது. அது கிலோவுக்கு நூறு விழுங்குகிற தராசு, ஆகவே அதைக் கூட்ட வேண்டும். கூடையின் எடையைக் கழிக்க வேண்டும். கூடை ஈரமாக வேறு இருந்தது. மணலில் விரலால் எழுதி எழுதிப் பார்த்தேன். ஒரு தடவை ஜெயித்தேன், ஒரு தடவை மெட்ராஸ் போனேன். பொய் சொல்கிற தராசில் நிஜத்தைக் கண்டுபிடிக்கிற வித்தை எனக்குக் கைவரவில்லை.

புதன்கிழமை வந்தது. ஆஸ்பத்திரியில் கூட்டம். டாக்டர் மேஜைக்குப் பின்னால் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் நர்சம்மா தம்பியின் சட்டையைக் கழற்றினாள், அரணாக்கயிற்றையும் கழற்றினாள். பிறகு, என்னைப் பார்த்துக்கொண்டே, அவன் இடுப்பை ஒரு முறை கையால் தடவிவிட்டுப் பையில் இறக்கினாள்.

முள் ஆடியது. தம்பி காலை உதைத்தான். போன மாதம் உதைத்தானா என்று யோசித்தேன், நினைவில்லை. முள் ஏழைத் தாண்டியது, திரும்பியது, மறுபடி தாண்டியது. ஆறு பக்கம் போகும்போதெல்லாம் நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன், என் மூச்சின் கனமும் அவனுக்குப் போகட்டும் என்று. அவன் அழவே ஆரம்பித்தான். கட்டடம் அதிர அழுதான். கல்லறைத் தோட்டத்து டச்சுக்காரர்கள் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த அழுகையில் ஆடி ஓய்ந்து முள் நின்றது.

"ஏழு நானூறு" என்றாள் நர்சம்மா.

நான் சொன்ன பொய்யை என் தம்பி நூறு கிராம் வித்தியாசத்தில் முந்தியிருந்தான்.

டாக்டர் எழுந்து வந்து முள்ளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் சொல்லி, தம்பியின் வயிற்றைத் தட்டினார். எழுதி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்த தம்பி, அதற்குப் பிறகே டாக்டரின் சட்டையை நனைத்தான். இப்போது அவனிடம் எறாவின் நாணயம் வந்திருந்தது.

நர்சம்மா புள்ளி வைக்கப் போனபோது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நூறு கொறைச்சே போட்டுக்க நர்சம்மா. இத்தினி பேரு பாக்குறாங்கோ. கண்ணு பட்டுடும்."

நர்சம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே நானூறு என்றுதான் எழுதினாள். பெண்கள் தம்பியைக் கை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார்கள். யாரோ கூழைக்கடா நடையைக் கேட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் நடுக்கூடத்தில், டாக்டர் முன்னிலையில், நான் ஒரு சுற்று நடந்து காட்டினேன்.

கூட்டம் கலைந்தபோது நர்சம்மா மூலையிலிருந்த எடை மிஷினைக் காட்டினாள். பெரியவர்கள் ஏறி நிற்பது அது. "நீயும் ஏறுடி" என்றாள்.

பந்தயத்தில் ஜெயித்தவர்களை மேடையில் ஏற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன், சுற்றிலும் ஒரு கும்பிடு போட்டேன். நர்சம்மா எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, அது நின்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அம்மா குனிந்து பார்த்தாள். கூட்டியும் கேட்கவில்லை, குறைத்தும் கேட்கவில்லை. அதை எழுதிவைக்க என் பெயரில் அட்டை இருக்கிறதா என்று நான் கேட்டேன். அட்டை ஐந்து வயசு வரைக்கும்தான் என்று சொன்ன நர்சம்மா, அலமாரியைத் திறந்து ஒரு பாக்கெட் சத்துமாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இது அவனுக்கு இல்லடி, ஒனக்கு."

அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கடைத்தெரு முழுக்க நடந்தேன். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் கவர்மெண்டு பரிசு என்று சொன்னேன். படகு கிளம்பியதும் பாக்கெட்டைப் பிரித்து, தூக்கிலிருந்த தண்ணீரை விட்டுப் பிசைந்து ஒரு உருண்டை பிடித்தேன். ஒரு மாதப் பழக்கத்தில் கை தானாகத் தம்பியின் வாய்க்குப் போயிற்று. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, மெதுவாக என் வாய்ப்பக்கம் திருப்பினாள். விழுங்குகிற வரைக்கும் விடவில்லை.

ஜெயித்தவர்களுக்குத்தான் முதல் உருண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நன்றாக மென்று தின்றேன்.